தேங்காயெண்ணெய் தொட்ட தட்டு

இந்த ஊரில் தேங்காயெண்ணெயைத் தலையில் தேய்ப்பதற்கு முன்னால் தோண்ட வேண்டும். ஆமாம், தோண்டத்தான் வேண்டும். குளியலறை அலமாரியில் இருக்கும் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு இறங்காது. வெள்ளை வெளேரென்று இறுகிப்போய், உன்னால் ஆனதைப் பார் என்று உட்கார்ந்திருக்கும். நம் ஊரிலும் மார்கழிக் காலையில் எண்ணெய் உறையும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாடிப்படியில் வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, வாசல் பெருக்கித் திரும்பி வருவதற்குள் வழிக்கு வந்துவிடும். போர்ச்சுகலில் நான் இருக்கும் இந்தச் சின்ன ஊரிலோ குளிர்காலத்தில் வெளியேகூட நிற்கலாம், வீட்டுக்குள் நிற்க முடியாது. அப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள் வீட்டை! அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எழுந்ததும் பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொள்வேன். பல் விளக்கி டீ போட்டு முடிப்பதற்குள் ஓரமாகக் கொஞ்சம் இளகியிருக்கும். விருத்தாசலத்துச் சித்திரை வெயிலை இத்தனை வருஷம் வாங்கி வைத்திருக்கும் உடம்பு, இதற்காவது உதவட்டுமே. குளிர்தேசங்களில் இருக்கும் நம்மவர்கள் வேண்டுமானால் செய்து பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் கடையில் காத்திருந்தது. வந்த புதிதில் சீப்பு, ஷாம்பு, சோப்பு இருக்கும் வரிசை முழுக்கத் தேடினேன். தேங்காயெண்ணெயைக் காணோம். கடைசியில் அது எங்கே இருந்தது தெரியுமா? மாவுக்கும் சர்க்கரைக்கும் நடுவில், ஊறுகாய் ஜாடி மாதிரி அகன்ற வாய் வைத்த கண்ணாடி ஜாடியில், சமையல் சாமானோடு சாமானாக உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேரளத்துக்காரர்கள் இதைப் படித்தால் இதிலென்ன சிரிப்பு என்பார்கள். ஆனால் எங்கள் பக்கம் மல்லாட்டை விளையும் பூமி. நிலக்கடலையைத்தான் மல்லாட்டை என்போம். வடை சுட்டாலும் அதன் எண்ணெய், குழம்பு தாளித்தாலும் அதன் எண்ணெய். தேங்காயெண்ணெய் என்றால் தலைக்கு, உதடு வெடித்தால் உதட்டுக்கு, குதிகால் பிளந்தால் குதிகாலுக்கு, பிறந்த குழந்தையின் உடம்புக்கு, கிரீச்சிடும் பீரோ கதவுக்கு. வாணலிக்கு மட்டும் கிடையாது. நான் படிக்கும்போது பாலக்காட்டுத் தோழி ஒருத்தி வாழைக்காய் சிப்ஸ் கொடுத்தாள். ஒன்று எடுத்து வாயில் போட்டுவிட்டு, "ஏண்டி, சீவி முடிச்ச சடையக் கடிச்ச மாதிரி இருக்குதே" என்றேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் என்ன வேலைக்கு இங்கே வந்தேன் என்று சொல்லவில்லையே. என் பெயர் வசந்தி. விருத்தாசலத்தில் செராமிக் படித்து, அங்கேயே பொம்மை யூனிட்டுகளில் வேலை பார்த்தவள். யானை, குதிரை, கொலுவுக்கு வைக்கும் செட்டியார் ஜோடி என்று என் கையில் முக்கி எழுந்த பொம்மைகள் எத்தனையோ வீடுகளில் இருக்கும். முக்குவது என்றால் கிளேஸில் முக்குவது. களிமண்ணை ஒருமுறை சுட்டு எடுத்தால் சொரசொரப்பாக, தண்ணீரைக் குடிக்கும் பதத்தில் இருக்கும். அதை பிஸ்கட் என்போம். அந்த பிஸ்கட்டைக் கிளேஸ் கரைசலில் முக்கி மறுபடி சுட்டால்தான் கண்ணாடி போலப் பளபளப்பு வரும். இந்த ஊரிலும் மண் வேலைதான் பிழைப்பு. தட்டும் கிண்ணமும் செய்கிற சின்னப் பட்டறை ஒன்றில், முக்குவதற்கு ஆள் வேண்டும் என்று என்னை எடுத்திருந்தார்கள். முதலில் சில மாதம் சோதனைக் காலம். அது முடிந்து வேலை நிரந்தரமானால், ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரர் அன்பையும் மகள் கீர்த்தியையும் அழைத்துக்கொள்ளலாம். நிரந்தரமாகவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். கீர்த்திக்கு அப்போது ஆறு வயது. பிள்ளையை விட்டுவிட்டு வந்த எனக்கு, முக்கி எடுக்கிற ஒவ்வொரு தட்டும் அவள் பக்கமாக எடுத்து வைக்கிற ஓர் அடிதான்.

பட்டறையில் மதியச் சாப்பாட்டு வேளை, விருத்தாசலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்து தலை பின்னும் வேளை. ஒரு கையில் சோற்று டப்பா, எதிரில் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்த போன். போனுக்குள் கீர்த்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள், பின்னால் அன்பு சீப்போடு போராடிக்கொண்டிருப்பார். அவர் யூனிட்டில் அச்சு வார்க்கிறவர். எவ்வளவு பெரிய பிள்ளையாருக்கும் பிசகாமல் அச்சு எடுப்பார், இரண்டு சடையை ஒரே உயரத்தில் பின்ன அவரால் ஆகாது.

"ஏங்க, எண்ணெய அவ்ளோ ஊத்தாதீங்க. புள்ள நெத்தியெல்லாம் வழியுது பாருங்க" என்பேன்.

"நீ சொன்னியேன்னு கம்மியாத்தான் ஊத்துனேன். வெயில்ல தண்ணியாட்டம் ஓடுது, நான் இன்னா பண்ண?" என்பார் அவர்.

"ம்மா, அப்பா வூடு பூரா எண்ணெ சிந்திட்டாங்க" என்று கீர்த்தி கோள் மூட்டுவாள்.

இந்தக் கூத்தைத் தினமும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறவள் ஒருத்தி இருந்தாள். பெயர் ஃபாத்திமா. முதல் நாள் பெயரைக் கேட்டதும், மதியம் அவளுக்குத் தொழுகை இருக்குமோ என்று நானாக நினைத்து அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். அவள் கழுத்திலிருந்து சிலுவையை வெளியே எடுத்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். மாதாவின் பெயராம் அது இங்கே. ஃபாத்திமாவுக்கு வேலை எனக்கு முந்தின மேஜையில். பிஸ்கட் தட்டுகளைப் பிரஷ்ஷால் தூசு தட்டி எனக்குத் தள்ளிவிடுவாள். அவளும் வேலைக்குப் புதிது. பட்டறைக்கு வருவதற்கு முன்னால் பேக்கரியில் இருந்தவள். ஒருநாள் போனில் அன்பு கையை எண்ணெயில் தோய்த்துப் பிள்ளை தலையில் தட்டித் தட்டித் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "அஸைத்?" என்று கேட்டாள். ஆலிவ் எண்ணெயா என்று அர்த்தம். இந்த நாட்டில் அவர்களுக்கு அதுதான் எல்லாம். ரொட்டிக்கும் அது, மீனுக்கும் அது, சூப்புக்கும் அது. சாப்பிடுகிற பொருளை ஓர் அப்பா தன் பிள்ளையின் தலையில் கொட்டுகிறானே என்ற பதைப்பு அவள் முகத்தில். நான் கையால் தென்னை மரம் வரைந்து, தேங்காய் உடைத்து, "கோக்கு, கோக்கு" என்றேன். அப்போதும் அவள் பதைப்பு தீரவில்லை. கோக்கு கேக்குக்குள் போகிற சாமான் அல்லவா!

அவள் கையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பிஸ்கட் தூசு கையில் இருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். அதோடு குளிரும் சேர்ந்து விரல் கணுவெல்லாம் வெடித்து, சில இடத்தில் ரத்தக் கோடு தெரியும். ஊரில் எங்கள் கையும் இப்படித்தான் வெடிக்கும், அதற்கு எங்கள் மருந்தும் ஒன்றுதான். ஒரு ஜாடி வாங்கி அவளிடம் கொடுத்தேன். சுண்டைக்காய் அளவு தோண்டி அவள் உள்ளங்கையில் வைத்து, என் கையால் தேய்த்துவிட்டேன். உடம்புச் சூடு பட்டதும் வெள்ளை உருகி, தேய்க்கத் தேய்க்கத் தோலுக்குள் போய்விட்டது. ஃபாத்திமா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். அடுத்த வாரமே அவள் கணுவெல்லாம் மூடிக்கொண்டது. எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. உதடு வெடித்த ஒருத்தி வந்தாள், குதிகால் பிளந்த ஒருத்தி வந்தாள், முடி கொட்டுகிற கணக்குப்பிள்ளைகூட வந்தார். நான் விருத்தாசலத்து வைத்தியச்சி ஆகிவிட்டேன்! ஃபாத்திமா நன்றிக்கடனாகத் தேங்காயெண்ணெயில் கேக் செய்து கொண்டுவந்தாள். முதல் வாயில் கீர்த்தியின் தலைவாசனை வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கேக் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அழுகிறேன் போலும் என்று நினைத்து அவள் இன்னொரு துண்டு வைத்தாள். அதையும் தின்றேன்.

அப்போதுதான் சூளையைச் சனி பிடித்தது. ஒரு திங்கட்கிழமை சூளையைத் திறந்தால், தட்டுகளில் பாதிக்கு மேல் கிளேஸ் சுருண்டு விலகி, அங்கங்கே மண் பல்லிளித்தது. எங்கள் யூனிட்டில் இதைச் சொட்டை விழுவது என்போம். பட்டறை முதலாளி தெரேசா அறுபதை நெருங்குகிற, அதிகம் பேசாத பெண்மணி. கிளேஸ் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினார், தண்ணீரை மாற்றினார், சூளையின் சூட்டைச் சரிபார்த்தார். அடுத்த சூளையும் சொட்டை. கிளேஸில் முக்குகிறவள் நான், நான் வந்த பிறகுதான் இப்படி ஆகிறது. யாரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் மதியம் என் மேஜைப் பக்கம் யாரும் வரவில்லை. சோதனைக் காலம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. அன்றைக்கு போனில் கீர்த்தி, "ம்மா, உங்க ஊர்ல மயிலு இருக்குதா? நான் வரும்போது பாக்கணும்" என்று கேட்டாள். இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

ஒதுக்கிப் போட்ட தட்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்துக் கழுவப் போனவள், தற்செயலாக அதைப் பிடித்த பிடியைப் பார்த்தேன். என் கட்டைவிரல் சரியாக ஒரு சொட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. தட்டைத் திருப்பினேன். அடியில் நாலு சின்னச் சொட்டைகள், நாலு விரலுக்கும் கீழே ஒவ்வொன்று. இன்னொரு தட்டு எடுத்தேன், அதிலும் அதே பிடி. அங்கேயே நின்றபடி எனக்குச் சரசக்கா ஞாபகம் வந்தது.

சரசக்கா விருத்தாசலத்தில் எங்கள் பொம்மை யூனிட்டின் மேஸ்திரி. காலையில் ஷெட் வாசலில் மோடா போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணின் கையையும் பிடித்து மோந்து பார்த்துத்தான் விடுவார். தேங்காயெண்ணெய் வாசனை வந்ததோ, "போய் சீயக்காத்தூள் போட்டுத் தேச்சிட்டு வா. உன் கைமணத்துக்கு என் யானைக்குச் சொட்ட விழணுமா?" என்று விரட்டுவார். எண்ணெய் பட்ட பிஸ்கட்டில் கிளேஸ் ஒட்டாது. நிறையப் பட்டால் முக்கும்போதே விலகும், லேசாகப் பட்டால் சூளைக்குள் போய்த்தான் விலகும். தலையில் எண்ணெய் வைத்தவர்கள் துண்டைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும், சடை பொம்மைமேல் உரசினால்கூடப் போச்சு. சாயங்காலம் சங்கு ஊதினதும் பார்க்க வேண்டுமே, அத்தனை பெண்களும் ஒரே பாட்டிலுக்குக் கை நீட்டுவோம். கம்மாபுரம் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "பொம்ம கம்பெனி ஏறிடுச்சு" என்பார், வாசனையை வைத்தே. நான் இங்கேயும் அந்தச் சட்டப்படிதான் இருந்தேன். வேலை நேரத்தில் என் கை எண்ணெயைத் தொட்டதில்லை. ஃபாத்திமாவுக்கு எண்ணெயைக் கொடுத்தேன், சட்டத்தைக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் அதைத் தெரிந்துகொண்டுதான் பிறக்கிறோம் என்று நினைப்பு! அவளோ காலையிலும் மதியமும் கை நிறையத் தேய்த்துக்கொண்டு, எண்ணெய்தான் தோலுக்குள் போய்விட்டதே என்று நேராகப் பிஸ்கட்டைத் தூக்கியிருக்கிறாள்.

ஜாடியையும், ஃபாத்திமா இன்னும் தூசு தட்டித் தொடாத ஒரு பிஸ்கட் தட்டையும் எடுத்துக்கொண்டு தெரேசாவின் அறைக்கு ஓடினேன். எனக்கு இருந்த போர்ச்சுகீஸ் மொழியில் வணக்கம் சொல்லலாம், ரொட்டி வாங்கலாம். ஒரு குற்றத்தை விளக்க முடியாது. ஜாடியைத் தூக்கிக் காட்டி, தட்டைத் தூக்கிக் காட்டி, "இது, இது, பிரச்சினை" என்றேன். தெரேசா ஜாடியையும் தட்டையும் பார்த்துவிட்டு, "குமேர்?" என்றார். சாப்பிடவா என்று கேட்கிறார்! சூளை இரண்டு பாழாகிக் கிடக்கும்போது இவள் தட்டோடு சமையல் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு விருந்துக்கு வந்திருக்கிறாளே என்று அவர் முகம் இறுகியது. இனிப் பேசிப் பயனில்லை. அவர் கையைப் பிடித்தேன். முதலாளி கையை இப்படிப் பிடிக்கலாமா என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை. கிளேஸ் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கட்டைவிரலை ஜாடியில் விட்டுத் தோண்டி, நன்றாகத் தேய்த்து, துணியில் துடைத்து, காய்ந்துவிட்ட கையைக் காட்டிவிட்டு, அந்த விரலைத் தட்டின் நடுவில் அழுத்தினேன். முக்கி எடுத்தேன். தட்டெல்லாம் பச்சைக் கிளேஸைக் குடித்துக்கொண்டது. நடுவில் ஒரே ஒரு கட்டைவிரல் அளவுக்கு மட்டும் கிளேஸ் முத்து முத்தாகத் திரண்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்து விலகியது.

பட்டறையே கூடிவிட்டது. தெரேசா தட்டைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். எண்ணெய் என்னுடையது என்று ஜாடியை நெஞ்சில் வைத்துக் காட்டினேன். ஃபாத்திமா பெயரை நான் எடுக்கவில்லை, எடுப்பதாகவும் இல்லை. அதற்குள் பின்னாலிருந்து, "ஃபூய் எவு" என்று ஒரு குரல். நான்தான் என்கிறாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு ஃபாத்திமா வந்து என் பக்கத்தில் நின்றாள், வெடிப்பெல்லாம் ஆறிய அந்தக் கையை! தெரேசா குனிந்து அவள் கையை மோந்து பார்த்தார். அப்புறம் என் கையை. ஜாடியை வாங்கி மூடி, தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்றைக்கு மதியம் நான் போன் பேசவே இல்லை. பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் என்ன பார்த்தேன் தெரியுமா? தெரேசா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரின் கையையும் பிடித்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்! எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. சரசக்கா, உங்கள் சட்டம் கடல் தாண்டி வந்துவிட்டது, பாருங்கள்! வேலை முடிகிற நேரத்தில் தெரேசா அலமாரியைத் திறந்து ஜாடியை எடுத்து நடு மேஜையில் வைத்தார். எல்லோரும் கை நீட்டினார்கள். கடைசியில் தெரேசாவும் நீட்டினார். அந்த வாரச் சூளை ஒரு சொட்டை இல்லாமல் வந்தது. சோதனைக் காலத்தின் கடைசி நாள் என்னை அறைக்கு அழைத்தார். வழக்கம்போல என் கையை மோந்து பார்த்தார். பிறகு போன் பேசுகிற மாதிரி காதில் கை வைத்து, தலையில் எண்ணெய் தேய்க்கிற மாதிரி காட்டி, "குவாந்து?" என்றார். எப்போது என்று கேட்கிறார். எது எப்போது என்று நான் விழித்தேன். அவர் வாசலைக் காட்டி, இடுப்பு உயரத்துக்குக் கையைத் தாழ்த்தி ஒரு பிள்ளையைக் காட்டினார். எப்போது வருகிறார்கள் என்று கேட்கிறார்! வேலை நிரந்தரம் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அந்த அம்மாளைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சூளையிலிருந்து வந்திருந்த ஒரு தட்டை என் கையில் வைத்தார். நான் விரல் வைத்து முக்கிய அதே தட்டு.

தெருவுக்கு ஓடிவந்து போன் செய்தேன். "ஏங்க, வாங்க! ரெண்டு பேரும் கெளம்பி வாங்க!"

அந்தப் பக்கம் அன்பு, "எண்ணெ எடுத்துகினு வரட்டா?" என்றார். அந்த மனுஷனுக்குச் சந்தோஷத்தை அப்படித்தான் சொல்லத் தெரியும்.

பேப்பர் வேலையெல்லாம் முடிந்து அவர்கள் வந்து இறங்க அடுத்த குளிர்காலம் ஆகிவிட்டது. பெட்டியைத் திறந்ததும் கீர்த்தி கத்தினாள், "ப்பா, எண்ணெ கல்லாப் போச்சு!" விருத்தாசலத்தில் செக்கில் ஆட்டித் தண்ணீர் மாதிரி ஊற்றி எடுத்துவந்த எண்ணெய், வழியிலேயே இந்த ஊர் வழக்கத்துக்கு மாறிவிட்டது. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு வாயில் நுழையாத சொற்களை மூக்கால் அழகாகச் சொல்கிறாள். மயில் இல்லை என்றதும் ஒருநாள் கோபித்துக்கொண்டாள், பிறகு ஃபாத்திமா வீட்டு வாத்துகளோடு சமாதானமாகிவிட்டாள். வாரநாளில் எண்ணெய் வேண்டாம், பிள்ளைகள் கேட்கிறார்கள் என்கிறாள். சரி என்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அக்குளில் வைத்து இளக்கிய எண்ணெயை அன்பு அவள் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் சிந்துவதில்லை, பாதி உறைந்த எண்ணெய் அவருக்கு வசதியாகிவிட்டது. நான் தோசையை வார்த்து அந்தப் பச்சைத் தட்டில் போட்டுக் கொடுத்தேன். கீர்த்தி தின்று முடித்துவிட்டுத் தட்டின் நடுவில் தடவிப் பார்த்தாள்.

"ம்மா, எல்லா எடத்துலயும் பச்சயா பளபளன்னு இருக்குது. இங்க மட்டும் ஏன் ஒட்டல?"

"அங்க நம்ம தேங்காயெண்ணெ இருந்துச்சு கண்ணு. அது அம்மாவோட வெரலு."

அவள் தலையைத் தொட்டு எண்ணெய் படிந்த தன் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். அவள் விரல் சின்னது. அது மூடியது போக, சுற்றிலும் மண் தெரிந்தது.